டொர்னாடோவை டொர்னாடோ என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கோ ஒரு கிராமத்தை டொர்னாடோ துடைத்துப் போட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் நம் நாளிதழ்களின் தலைப்பில் ‘சூறாவளி’ என்று வருகிறது. கடலிலிருந்து வந்து அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலுக்கும் அதே சொல்தான். சில நேரம் உள்ளே ‘புயல்’ என்றும் இருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

புயல் வருவது இரண்டு மூன்று நாள் முன்பே தெரிந்துவிடும். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போய்விடலாம். டொர்னாடோ இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான், ஆனால் கடுமையானவற்றில் காற்று மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். எச்சரிக்கை வந்தாலும் கையில் இருப்பது சில நிமிடங்கள். அப்போது முகாமைத் தேடி ஓடுபவர் வெட்டவெளியில் மாட்டிக்கொள்வார். வீட்டின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறையில் தலையை மறைத்துக்கொண்டு குனிந்து உட்கார வேண்டும்.

அமெரிக்காவில் மக்கள் பீதியடைவார்கள் என்று பயந்து, 1880களிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு வானிலை முன்னறிவிப்புகளில் ‘டொர்னாடோ’ என்ற சொல்லையே தடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில்தான், 1925 மார்ச் 18 அன்று, மிசௌரி, இல்லினாய், இந்தியானா மாநிலங்களின் வழியாக 350 கிலோமீட்டர் தூரம் ஒரு டொர்னாடோ உழுதுகொண்டு போனது. 695 பேர் இறந்தார்கள். வழக்கமான புனல் வடிவம் தெரியாததால், வயல்வெளியில் இருந்த பலர் ஏதோ கருமேகம் உருண்டு வருகிறது என்றே நினைத்திருக்கிறார்கள். அத்தனை சாவுக்கும் அந்தத் தடைதான் காரணம் என்று சொல்லமாட்டேன், வானிலை ரேடார் இல்லாத காலம் அது. ஆனாலும் ஆபத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் மக்களை வைத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1989 ஏப்ரல் 26 மாலை, வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளை ஒரு டொர்னாடோ தாக்கியது. சுமார் 1,300 பேர் பலி. உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்த டொர்னாடோ என்று உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருப்பது இதைத்தான். மூங்கிலும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசையில் உள்ளறைக்கு எங்கே போவது? பிய்ந்து பறக்கும் தகரமே ஆளை வெட்டும். இதை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அங்கெல்லாம் ஓரிரண்டு வீட்டுக்கு நடுவிலாவது உறுதியான ஒரு சிறு அறை வேண்டும். தொலைவில் இருக்கும் புயல் முகாம் இதற்கு உதவாது.

அடுத்த முறை டொர்னாடோ என்றே போடுங்கள், அல்லது சுழல்காற்று என்று ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். செய்தியின் கீழே, அது வந்தால் எங்கே பதுங்குவது என்று இரண்டு வரியும் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்