மெரினாவில் கதை சொல்லும் வண்டி ஒன்று ஓடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெரினா கடற்கரையை மேம்படுத்துவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். விளக்குகள் வேண்டும், கழிப்பறைகள் வேண்டும், கடைகளை ஒரே சீராக வைக்க வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். எல்லாம் நியாயமான கோரிக்கைகளே. ஆனால் நடக்க இயலாதவர்கள் அந்த நீண்ட கடற்கரையை எப்படிப் பார்ப்பது என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. திருவல்லிக்கேணியில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவள், தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள், முழங்கால் தேய்ந்த ஒருவரின் மனைவி என்ற மூன்று தகுதிகளோடு இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் மகன் எங்கள் இருவரையும் பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் நீஸ் நகரத்துக்கு நான்கு நாள் அழைத்துச் சென்றான். அங்கே கடலை ஒட்டி ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் உலாச்சாலை இருக்கிறது. அதற்கு இன்றும் 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்றுதான் பெயர். குளிர்காலத்தைக் கழிக்க அந்த ஊருக்கு வந்து தங்கிய ஆங்கிலேயர்கள், 1820களில், வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்துப் போட்ட பாதை அது. முதல் நாள் காலையில் பத்து நிமிடம் நடந்ததுமே என் கணவர் அங்கு வரிசையாகப் போட்டிருக்கும் நீல நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்துவிட்டார். "நீங்கள் எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இப்படியே கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்றார். காந்தி சிலைக்குப் பின்னால் இருக்கும் திட்டில் உட்கார்ந்து ஏழெட்டு ஆண்டுகளாக அவர் என்னிடம் சொல்லி வரும் அதே வாக்கியம்.

மறுநாள் மகன் எங்களைச் சுற்றுலா ரயிலில் ஏற்றினான். ரயில் என்பது பெயரளவில்தான்; தண்டவாளம் கிடையாது. நீராவி எஞ்சின் போல் முகப்பு வைத்த ஒரு வண்டி, ரப்பர் சக்கரம் பூட்டிய திறந்த பெட்டிகளைச் சாதாரணத் தெருவிலேயே இழுத்துக்கொண்டு போகிறது. தீவுத்திடல் பொருட்காட்சியில் சிறுவர்கள் ஏறிச் சுற்றும் ரயில்தான் எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. "இதில் நான் ஏறுவதா?" என்று அவர் கூச்சப்பட்டார். உள்ளே பார்த்தால் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. படி தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இராது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய தோளையும் தேடாமல், அவர் தாமாகவே ஏறி அமர்ந்தார்.

இருக்கையின் பக்கத்தில் காதுக்கருவி ஒன்று தொங்கியது. மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், வண்டி எந்த இடத்தைக் கடக்கிறதோ அந்த இடத்தின் கதை காதில் ஒலிக்கிறது. நாங்கள் ஆங்கிலத்தில் கேட்டோம். வண்டி கடற்கரையை விட்டு, மசேனா சதுக்கத்தைத் தாண்டி, பழைய நகரத்தின் குறுகிய சந்துகளுக்குள் நுழைந்து, பூக்கடைகளும் காய்கறிக் கடைகளும் நிறைந்த சலேயா சந்தையை ஒட்டிச் சென்று, பிறகு கோட்டைக் குன்றின் வளைவுகளில் மெல்ல ஏறியது. கடைசிப் பெட்டியில் இருந்ததால் ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். சுமார் 90 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றின் மேல் கோட்டை எதுவும் இல்லை. பதினான்காம் லூயி மன்னனின் ஆணைப்படி 1706இல் அது தரைமட்டமாக்கப்பட்டுவிட்டதாம். அந்த நகரமே 1860இல்தான் நிலையாகப் பிரான்சோடு சேர்ந்தது என்பதையும் வண்டிதான் எங்களுக்குச் சொன்னது. உச்சியில் வண்டி சிறிது நேரம் நின்றது. கீழே செம்மண் நிற ஓட்டுக் கூரைகள், ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் அரைவட்டமாக வளைந்து கிடக்கும் தேவதைகள் விரிகுடா. முழங்கால் சரியில்லாத ஒருவர் இவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கடலைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்போது காது அதிரும்படி ஒரு வெடிச் சத்தம். நாங்கள் பதறிப்போனோம், உடன் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நாள்தோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் குன்றில் வெடி போடுவது வழக்கமாம். 1860களில் அங்கு வந்து தங்கியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், உலாவப் போகும் தம் மனைவி சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடுகிறார் என்பதற்காக இதைத் தொடங்கி வைத்தார் என்று கதை சொல்கிறார்கள். மனைவியை வீட்டுக்கு அழைக்கப் பீரங்கி வைத்தவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கீழே இறங்கியபின் பழைய நகரத்தில் 'சொக்கா' என்ற பண்டத்தை வாங்கிச் சாப்பிட்டோம். கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் உப்பும் கரைத்து, பெரிய செப்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் முறுகலாகச் சுட்டு, பிய்த்துப் போட்டு, மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். நம் ஊர் அடையின் தூரத்து உறவு என்று என் கணவர் தீர்ப்புச் சொன்னார். நடந்து களைத்திருந்தால் அந்தக் கடை வாசலில் நாங்கள் நின்றிருக்கவே மாட்டோம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காலுக்கு ஓய்வு கொடுத்த வண்டி, சந்தைக்காரர்களுக்கு இரண்டு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. மெரினாவில் சுண்டலும் பஜ்ஜியும் சோளமும் விற்பவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் வெளிநாட்டுப் பெருமை பேச எழுதவில்லை. நீஸ் கடற்கரையில் மணலே கிடையாது, முழுக்கக் கூழாங்கல். செருப்பில்லாமல் நிற்க முடியாது. மேலும், மெரினா என்ற பெயரே மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததுதான். 1880களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், இங்கே உலாச்சாலை அமைத்துவிட்டு, தாம் முன்பு கண்ட சிசிலித் தீவின் நினைவில் 1884இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியதாக அவரே எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அலை சாலைக்கு வெகு அருகில் இருந்தது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டு, மெரினாவில் ஆண்டுதோறும் குவிந்தது. மறுபுறம் ராயபுரமும் காசிமேடும் கரையை இழந்தன. விளைவு, இன்று சாலையிலிருந்து தண்ணீரைத் தொட ஏறத்தாழ 300 மீட்டர் மணலில் கால் புதையப் போக வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை இந்தக் குறையை ஓரிடத்தில் தீர்த்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து பின்னர் சீர்செய்யப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அது கடலை நோக்கிப் போகும் குறுக்குப் பாதை. நான் கேட்பது நெடுக்குப் பாதைக்கான வழி.

நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை அந்த நெடுக்கில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். நான்கு தொழிலாளர்கள் ஒரு பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை, ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்டது. கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் வடிவமைத்து 1879இல் முடிந்த பல்கலைக்கழக செனட் மண்டபம் இருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மரக்கப்பலில் இத்தனை கடல் தாண்டி, கரையாமல் சென்னை வெயிலுக்கு ஐஸ் வந்து சேர்ந்த கதையைக் கேட்டு வாய் பிளக்காத குழந்தை உண்டா? ஆனால் அந்தக் கட்டடத்தின் எதிரே பேருந்துக்கு நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சிலைகளின் நிலை இன்னும் மோசம். 1968இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட வள்ளுவரும் ஒளவையாரும் கம்பரும் கண்ணகியும் பாரதியாரும் போப்பும் கால்டுவெல்லும் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வோராண்டும் வகுப்பை அழைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். வீரமாமுனிவரைக் காட்டி "இவர் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டால், மதுரை என்றும் காஞ்சிபுரம் என்றும் பதில் வரும். இத்தாலியில் பிறந்து, இங்கு வந்து, தமிழுக்கு அகராதி தொகுத்தவர் என்று சொன்னதும் மறுபடி அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைக்குத்தான் கதை வேண்டும்.

சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஒரு தனியார் பேருந்தில் நாங்களும் ஏறினோம். குளிரூட்டிய பெட்டி, கறுப்புக் கண்ணாடி. வழிகாட்டியின் ஒலிபெருக்கி இரண்டு சொல்லுக்கு ஒரு சொல்லை விழுங்கியது. "இடது பக்கம் பாருங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இடது பக்கம் இருந்தது பின்னால் போய்விட்டது. இறங்கும்போது எங்கள் மனத்தில் நின்றது, எந்தப் படத்தில் எந்த நடிகர் எந்த இடத்தில் ஓடி வந்தார் என்பது மட்டுமே.

ஆகவே, மின்கலத்தில் ஓடும், பக்கங்கள் திறந்த, மூன்று பெட்டிக்கு மேற்படாத ஒரு வண்டியை உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே விட மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து முயலலாம். காமராஜர் சாலையில் விட்டால் பின்னால் வரும் வாகனங்களின் சாபம் முழுவதும் அதற்கே சேரும்; கடற்கரைப் பக்கமுள்ள சர்வீஸ் ரோடுதான் அதற்கு ஏற்ற இடம். நண்பகல் வெயிலில் ஓட்டிப் பயனில்லை. விடியற்காலை இரண்டு மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் போதும். காணும் பொங்கல் போன்ற நாள்களில் ஓடவே கூடாது. கலங்கரை விளக்கம் 1977இல் திறக்கப்பட்ட, லிஃப்ட் உள்ள ஒன்று என்பதால், கால் முடியாதவர்கள் குன்று ஏறாமலேயே உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் வாய்ப்பும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து வரும் மெட்ரோவும் அங்கேதான் முடியப் போகிறது.

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே லூப் ரோட்டில் இதை நீட்டலாமா என்றால், நீட்டக் கூடாது என்பேன். நொச்சிக்குப்பத்து மக்களுக்கு அது வேடிக்கை பார்க்கும் இடமன்று. வலை உலர்த்தும், மீன் விற்கும், பிள்ளைகள் விளையாடும் வாசல். நீஸின் பழைய நகரத்துச் சந்து ஒன்றில் எங்கள் வண்டி நுழைந்தபோது, கூடையுடன் வந்த ஒரு மூதாட்டி சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட்டார். அவர் எங்களைப் பார்த்த பார்வை நட்பானதாக இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

வண்டியைவிட முக்கியம் அதில் ஒலிக்கும் குரல். ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, அதைத் தமிழில் பெயர்த்துப் பதிவு செய்தால், நம் பேருந்து நிலைய அறிவிப்பு போலத்தான் இருக்கும். தமிழில் முதலில் எழுதட்டும். தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாம் அதிலிருந்து போகட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இதைக் காசு வாங்காமல் எழுதித் தருவார்கள், நான் உள்பட. 1895 முதல் 1953 வரை இந்நகரில் மின்சார டிராம் ஓடியது. அதில் பயணம் செய்த கடைசித் தலைமுறை இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டுமரம் ஏறிய முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குரலையே பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது.

ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் முகப்புக்கு என்ன வண்ணம், விளக்கு எத்தனை என்பதை அவர்கள் விருப்பம்போல் முடிவு செய்துகொள்ளட்டும். வாங்குவதற்கு முன் ஒரு அளவுகோலை எடுத்துப்போய்ப் படியின் உயரத்தை மட்டும் அளந்து பார்த்துவிட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை – 5