பெயரைக் கேட்டு வாங்கு

அன்பு மகனுக்கு,

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்டதைப் பார்த்தேன். முஸ்லிம் கடையில் வாங்காதீர்கள், பெயரைக் கேட்டு வாங்குங்கள் என்று. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு, நீ அங்கே சரியாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கூட வேலை பார்த்த பையனை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் நீ. கோபப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கொன்றவன்மேல் உள்ள கோபத்தை இங்கே நம் கொல்கத்தாவில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர்மேல் எப்படியப்பா இறக்குகிறாய்?

இந்தப் பேச்சு யூதர்களான நமக்குப் புதிதா? 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நம்மவர் கடை வாசல்களில் ஆட்களை நிறுத்தி, யூதரிடம் வாங்காதே என்று அட்டை பிடிக்க வைத்தார்கள். 1938-இல் பெயருக்கும் சட்டம் வந்தது. பெயரைக் கேட்டால் யூதர் என்று தெரியாதவர்கள், ஆண் என்றால் இஸ்ரேல், பெண் என்றால் சாரா என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் சிவபக்தர்கள் போகும் கன்வர் யாத்திரை வழியில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பெயர் எழுதி மாட்ட வேண்டும் என்றபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. கொரோனா காலத்திலும் அப்படித்தான். நோயைப் பரப்புவது முஸ்லிம்கள்தான் என்றார்கள். கொள்ளை நோய்க்காலத்தில் கிணற்றில் விஷம் கலந்ததாகப் பழி போட்டு 1349-இல் ஐரோப்பாவில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நம்மவரை உயிரோடு எரித்தார்களே, அந்தக் கதையை உனக்குச் சொன்னதே நான்தான்.

போன வெள்ளிக்கிழமை மாகேன் டேவிட் ஜெப ஆலயத்துக்குப் போயிருந்தேன். நம் கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேர்ந்த காலம் போய்விட்டது. ஊரில் நாம் மொத்தமே இருபது பேர்கூடத் தேறுவோமோ என்னவோ. காவல் பெரியவர் வெறுங்காலோடு ஏணியில் நின்று, தொங்கும் விளக்கின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஊதுவார், மறுபடி துடைப்பார். ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். அவருக்கு முன்னால் அவர் அப்பா. வேலை முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு ஜும்மாவுக்கு நாகோதா மசூதிக்குக் கிளம்பினார். 1884-இல் நம் எஸ்ரா குடும்பம் கட்டிய ஜெப ஆலயம் இன்னும் பளபளப்பாக நிற்பது அந்தக் கைகளால்தான். நான் படித்த யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்பது பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். நீ ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கித் தின்கிற நம்மவர் கடையான நாஹூம் பேக்கரியின் கேக்கும் முஸ்லிம் கைகள் பிசைந்ததுதான்.

அந்தச் செய்தியை நீ எழுதவில்லை, யாரோ அனுப்பியதை அனுப்பியிருக்கிறாய் என்று நம்புகிறேன். எடுத்துவிடு. வேறு யாருக்கெல்லாம் அனுப்பினாயோ அவர்களுக்கும் சொல்லிவிடு.

ஏணியிலிருந்து இறங்கியதும் பெரியவர் உன்னைத்தான் விசாரித்தார். அங்கே சண்டை நடக்கிறதே, பிள்ளை பத்திரமா என்று. நன்றாக இருக்கிறான் என்றேன்.

அம்மா