தாடை திறக்கத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் சிங்கப்பூர் ஈசூன் வட்டார அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

தாடை எலும்பில் வளர்ந்த கட்டியால் வாய் திறக்க முடியாமல் இருந்த எங்கள் தம்பிக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் வாய் இப்போது மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்கிறது. உங்கள் எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

முதலில் பலதுறை மருந்தகப் பல் மருத்துவருக்கு. வலியில்லாமல் வாய் திறக்கும் அளவு மெல்ல மெல்லக் குறைந்தால், தாடை மூட்டுக் கோளாறு என்றோ தசை இறுக்கம் என்றோ முடிவுகட்டுவது எளிது. அவர் தம்பியை வாய் திறக்கச் சொல்லி, மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே அளவுகோல் வைத்தார். பெரியவர்களுக்கு 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும், 14தான் இருந்தது. கன்னத்தின் உட்புறத்தைத் தடவினார். பாக்கு மெல்லுவோருக்கு வரும் நார்க்கட்டு இல்லை. கன்ன எலும்பருகே கெட்டியான புடைப்பு தட்டுப்பட்டது. உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்.

சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் எலும்புகளின் நிழல் ஒன்றின்மேல் ஒன்று விழும், கட்டி கண்ணில் படாமல் போகலாம். சிடி ஸ்கேனின் முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கிய அறுவை மருத்துவரே, உங்கள் பொறுமை பெரிது. தாடை மூட்டுக்கு முன்னால் பொட்டுத்தசை பற்றியிருக்கும் எலும்பு முனையில் குருத்தெலும்பு போர்த்திய கட்டி. அது கன்ன எலும்பின் உட்புறத்தில் இடித்து, அங்கே போலி மூட்டு ஒன்றே உண்டாகியிருந்தது. 1899இல் ஜேக்கப் என்ற மருத்துவர் விவரித்ததால் ஜேக்கப் நோய் என்பார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் மாத்திரையோ பல்லில் மாட்டும் ஸ்பிளின்ட்டோ உதவாது. இடிக்கும் எலும்பை எடுத்தே ஆக வேண்டும். வாய்க்குள் கீறியே எடுத்ததால் முகத்தில் தழும்பில்லை, முகநரம்புக்கும் ஆபத்து குறைவு.

வாய் திறக்காதவருக்கு மூச்சுக்குழாய் செலுத்துவதுதான் மிகவும் அஞ்சத்தக்க கட்டம். மயக்க மருத்துவர் மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, தம்பி விழித்திருக்கும்போதே கேமராவின் துணையால் மூக்கு வழியே குழாயை இறக்கினார். அந்த நிதானத்துக்குத் தனி நன்றி.

இயன்முறை சிகிச்சையாளருக்கு என்ன சொல்வது! உள்ளே தழும்பு இறுகினால் வாய் மீண்டும் மூடிக்கொள்ளும். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சியாகக் கூட்டச் சொன்னார். வெடுக்கென்று திணிக்கக் கூடாது, வலி மாத்திரை போட்டு அரைமணி கழித்துத் தொடங்க வேண்டும், நாளுக்குப் பலமுறை, மாதக்கணக்கில். வீக்கம் வற்றியதும் விட்டுவிடுவோர்தான் திரும்பி வருகிறார்கள் என்று அவர் எச்சரித்ததை நாங்கள் மறக்கவில்லை.

மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (மருத்துவக் காப்புறுதி) படிவங்களை நிரப்பித் தந்த மருத்துவச் சமூக ஊழியருக்கும், பருப்புக் கஞ்சி அனுப்பிய அண்டை வீட்டு அக்காக்களுக்கும் எங்கள் அன்பு. குச்சிப் பயிற்சி இன்னும் நடக்கிறது.

நன்றியுடன்,
தம்பியின் குடும்பத்தார்