அரவம், வடுகு, மலபார்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மொழிப் பெயர்கள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஒரு மொழியின் பெயர் அதைப் பேசுகிறவர்கள் வைத்ததுதான் என்ற முடிவு எனக்கு நெருடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பெயரோடு காலம் தள்ளிய மொழிகள் நிறைய.

நெல்லூரில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். காய்கறிக் கடையில் வாயைத் திறந்ததுமே, "அரவமா?" என்பார்கள். பாம்பு எங்கே என்று முதல் நாள் காலடியைப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, தெலுங்கில் தமிழுக்கு அப்படியும் ஒரு பெயர். தமிழகத்தின் வடபகுதியில் இருந்த பழைய அருவா நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் என்று சொல்வோர் உண்டு. கடைக்காரர் சொன்ன காரணமே வேறு: 'அரவடம்' என்றால் கத்துவது; நீங்கள் கத்திப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான்! கேலிதான். நான் பேரம் பேசியதைக் கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சரி, நாம் மட்டும் சும்மாவா இருந்தோம்? வடக்கே இருப்பவர்கள் மொழி என்று தெலுங்கை 'வடுகு' ஆக்கினோம். நீலகிரியின் படகர் என்ற பெயரிலும் அதே வடக்குதான் இருக்கிறது. அங்கே அது சொந்தப் பெயராகவே நிலைத்துவிட்டது.

வெள்ளைக்காரர்கள் வந்தபின் குழப்பம் இரட்டிப்பானது. மேற்குக் கரையில் முதலில் இறங்கியவர்கள், அங்கே பிடித்துக்கொண்ட 'மலபார்' என்ற பெயரைக் கிழக்குக் கரைத் தமிழுக்கும் சூட்டினார்கள். 1779-இல் வேப்பேரியில் அச்சான ஜெர்மன் பாதிரியார் பப்ரிசியஸின் தமிழ்-ஆங்கில அகராதியின் தலைப்புப் பக்கமே, தமிழை 'ஐரோப்பியர் பொதுவாக மலபார் என்று அழைக்கும் மொழி' என்கிறது. 1816-இல் சென்னையில் வந்த கேம்பெலின் தெலுங்கு இலக்கண நூலிலும் அதே கதை: 'பொதுவாக ஜெண்டூ எனப்படும்' தெலுங்கு. கிறிஸ்தவர் அல்லாதவரைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது இந்த ஜெண்டூ. நன்னயர் 11-ஆம் நூற்றாண்டிலேயே காவியம் பாடிய மொழிக்கு இப்படி ஒரு பெயர்! வேடிக்கை என்னவென்றால், தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எழுதிய குறிப்பு அச்சானதும் கேம்பெலின் இதே நூலில்தான்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் இவற்றுக்கும் இடம் ஒதுக்கட்டும். 'அரவம்' பற்றி நெல்லூர்ப் பக்கத்து வாசகர் யாராவது எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி