தட்டைத் திருப்பிப் பாக்குற ஊர்ல இருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். வேலை பழகிருச்சு, குளிருதான் இன்னும் பழகல, நாலு மணிக்கே இருட்டிருது, லீவு நாள்ல எங்கயாவது போகலன்னா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு சனிக்கிழமை, மண்பாண்டம் செய்யற ஒரு அம்மா பேசப் போறாங்க, செஞ்சும் காட்டுவாங்கன்னு லைப்ரரில நோட்டீஸ் பாத்துட்டுப் போனேன். உனக்கு இதெல்லாம் புடிக்கும்னுதான் இவ்ளோ பெருசா எழுதறேன்.

நான் இருக்கிற ஸ்டோக் ஆன் ட்ரென்ட், இங்கிலாந்தோட பீங்கான் ஊரு. ஆறு சின்ன டவுனுங்க 1910ல ஒண்ணா சேந்து ஆனது. கழுத்து குறுகின பெரிய பெரிய செங்கல் சூளை ஒரு காலத்துல 2000க்கு மேல நின்னுச்சாம், 1956ல புகையைக் கட்டுப்படுத்த சட்டம் வந்தப்புறம் நிலக்கரி போட்டு எரிக்கிறது கொஞ்சம் கொஞ்சமா நின்னு, இப்ப 50 கூட மிச்சமில்ல. இங்க உள்ளவங்களுக்கு ஒரு பழக்கம், எங்க சாப்பிடப் போனாலும் தட்டைத் திருப்பி அடியில எந்தக் கம்பெனி முத்திரைன்னு பாப்பாங்க, கூச்சமே கிடையாது. என்கூட வேலை பாக்குறவங்களும் இப்படித்தான், நானும் இப்ப பாக்க ஆரம்பிச்சுட்டேன்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். பேச்சு கம்மி, கைதான் பேசுச்சு. தினமும் புழங்குற மக், கிண்ணம், தட்டு, ஜக்கு, இது மட்டும்தான் செய்வாங்களாம், அலமாரில வச்சு அழகு பாக்குறதுக்கு எதுவும் செய்யறதில்ல. எல்லாம் ஸ்டோன்வேர். சாதா மண்பாண்டம் 1000, 1100 டிகிரிக்குள்ள வேகும், அதுல பொடிப்பொடியா துளை இருக்கும், தண்ணி கசியும். ஸ்டோன்வேரை 1200ல இருந்து 1300 டிகிரி வரைக்கும் சுடறாங்க, அந்தச் சூட்டுல மண்ணுக்குள்ளயே ஒரு பகுதி உருகி கண்ணாடி ஆகி அந்தத் துளையை எல்லாம் அடைச்சுரும். அதனால கிளேஸ், அதாவது மேல பூசற கண்ணாடி மாதிரிப் பூச்சு, இல்லாத அடிப்பாகம் கூட தண்ணி உறிஞ்சாது, தட்டினா கணீர்னு கேக்கும்.

முதல்ல எல்லா உருண்டையையும் தராசுல வச்சு எடை போட்டாங்க, மக்குக்கு 400 கிராம். கைவேலைன்னா கண்ணளவுலயே செய்வாங்கன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இந்த மண்ணு காஞ்சு வெந்து முடியறதுக்குள்ள நூத்துக்குப் பன்னண்டு பங்கு சுருங்கிருமாம், அதனால 9 சென்டிமீட்டர் உயரத்துக்கு மக் வேணும்னா சக்கரத்துல 10 சென்டிமீட்டருக்கு மேலயே இழுக்கணும். ஆறு மக் ஒரே மாதிரி வேணும்னு கேக்குறவங்களுக்கு எடையும் அளவுகோலும் இல்லாம செய்ய முடியாதுன்னாங்க. செயின்ட் ஐவ்ஸ்ங்கிற ஊர்ல பெர்னார்ட் லீச்சுங்கிற குயவரும் ஜப்பான்ல இருந்து வந்த ஹமடாங்கிற குயவரும் 1920ல ஆரம்பிச்ச பட்டறையைப் பத்தியும் சொன்னாங்க, பின்னால அங்க கேட்டலாக் போட்டு வித்தது இதே மாதிரி ஒரே அளவுல கையால செஞ்ச சாமான்தானாம்.

சக்கரத்துல மண்ணை நடுவுக்குக் கொண்டு வந்து குழி பண்ணினதும் சுவரை இழுக்காம, அடிமண்ணை விரலால திரும்பத் திரும்ப அழுத்திட்டே இருந்தாங்க. அந்த இடத்துல அழுத்தம் போதலன்னா காயும்போது அடியில நெளிஞ்சு விரிசல் விழுமாம். வாய் விளிம்பை ஒரு சின்ன ஈரத் தோல் துண்டால தடவி விட்டாங்க, உதடு படற இடம் அதுதானே. கைப்பிடி செய்யற விதம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது, கேரட் மாதிரி ஒரு மண்ணை ஒரு கைல தொங்க விட்டு, தண்ணி தொட்ட இன்னொரு கையால மேல இருந்து கீழ உருவி உருவி நீள வாராக்கினாங்க, அப்புறம் பாதி காஞ்ச மக்ல கீறி, குழை மண்ணு தடவி ஒட்டினாங்க. ஒட்டினதும் நாலு விரல விட்டுப் பாத்தாங்க. சூடான மக்ல விரல் முட்டி படக்கூடாது, அதே சமயம் நிறைஞ்ச மக்கைத் தூக்கும்போது மணிக்கட்டு சாயவும் கூடாது.

டீ பாட் பத்தி மட்டும் அரை மணி நேரம். மூக்கோட நுனி டீ பாட் வாய்க்குக் கீழ இருந்துச்சுன்னா நிரப்பும்போதே மூக்கு வழியா ஊத்திரும். நுனி மழுங்கலா இருந்தா ஊத்தி முடிச்சதும் சொட்டும், அதனால கூரா விடணும். சக்கரத்துல செஞ்ச மூக்கு சூளைல கொஞ்சம் முறுக்கிக்குமாம்! அதுக்குன்னே நுனியை முன்கூட்டியே சரிச்சு வெட்டி வச்சாங்க. வெந்து வந்தா நேரா வந்துரும், இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறான்னு இருந்தா முடிஞ்சுதுன்னு ஒரு சிரிப்பு.

கிளேஸ் பத்தி பேசும்போது மட்டும் ஹால்ல சத்தமே இல்ல. இந்த ஊர்ல ஒரு காலத்துல ஈயம் கலந்த கிளேஸ்தான், அதுல பாத்திரத்தை முக்கி எடுத்த தொழிலாளிங்க ஈய விஷத்துல எவ்வளவோ பேரு பாதிக்கப்பட்டாங்க, அங்க உக்காந்திருந்த வயசானவங்க சில பேரோட முன்னோருங்களும் அதுல உண்டாம். இவங்க போடறது ஈயம் இல்லாதது, மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் ஃபெல்ட்ஸ்பார்ங்கிற கல்லுப் பொடியும்தான், கறுப்பு பழுப்புக்கு இரும்புத் துரு. ஆனா ஈயம் இல்லன்னா மட்டும் போதாதாம், கலவை சரியில்லன்னா வேற உலோகம் சாப்பாட்டுல இறங்கலாம். வீட்டுலயே பாக்கறதுக்கு ஒரு வழி, எலுமிச்சை துண்டை ஒரு ராத்திரி கிளேஸ் மேல வச்சு காலைல பாரு, அந்த இடம் நிறம் மாறியிருந்தா அந்தப் பாத்திரத்துல சாப்பிடாத, மாறலன்னாலும் அது லேப் டெஸ்ட்டுக்கு ஈடாகாதுன்னு அழுத்திச் சொன்னாங்க.

கடைசில நான் கை தூக்கிட்டேன். கையால பிசைஞ்சு சாப்பிடறவங்களுக்குத் தட்டு எப்படி செய்வீங்கன்னு கேட்டேன். கத்தி முள்கரண்டிக்குன்னா நடுவுல தட்டையா, வழவழன்னு இருக்கணும், சொரசொரப்பான கிளேஸ்ல கத்தி கறுப்புக் கோடு போட்டுரும். கையால சாப்பிடறதுன்னா ஓரம் திடுக்குனு எழும்பாம மெதுவா வளைஞ்சு ஏறணும், விரல் அந்த வளைவுலயே வழிச்சு எடுக்கும், அப்படின்னுட்டு சும்மா இருக்காம ஒரு உருண்டையை எடுத்து உடனே செஞ்சே காட்டினாங்க. எனக்கு ஒரே சந்தோஷம்.

கிளேஸ்ல சின்னக் குறை இருந்ததைத் தனியா வித்தாங்க, ரெண்டு கிண்ணம் வாங்கினேன், உனக்குத்தான், பார்சல்ல வருது. மைக்ரோவேவ்ல வைக்கலாம், ஆனா கேஸ் அடுப்பு மேல வச்சுராத, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா சூட்டுலயும் வைக்காத, விரிஞ்சுரும். அடி வளையத்தை விரலால தடவிப் பாத்துட்டு சொரசொரன்னு இருந்தா எழுது, மேசையைக் கீறும், உப்புத்தாள் வச்சு எப்படித் தேய்க்கணும்னு சொல்றேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி