செபக்குழுக்களை வழிநடத்தும் பெரியோர்க்கு ஒரு திறந்த மடல்

பாம்பன் முதல் தொண்டி வரையுள்ள கடற்கரை ஊர்களில் செபக்குழுக்களை வழிநடத்தும் பெரியோர்களுக்கு, வணக்கம்.

எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்களின் வீடுகளுக்கு நீங்கள் செபமாலையோடு சென்று, அழுகிறவர்களோடு அமர்ந்திருப்பதை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் விடுதலை தள்ளிப்போகும்போது, "ஐயத்தோடு கேட்டிருப்பாய், அதனால்தான் கிடைக்கவில்லை" என்று அந்தப் பெண்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இதற்கு நீங்கள் எடுத்துக்காட்டுவது விவிலியத்தின் புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு திருமுகத்தின் முதல் அதிகாரம். ஐயப்படுபவர் காற்றில் அலைக்கழியும் கடலலையைப் போன்றவர் என்று அதில் இருப்பது உண்மைதான். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நம் கடலைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஞானம் குறைவுபட்டவர் கடவுளிடம் கேட்கட்டும் என்றும், அவர் எவரையும் கடிந்துகொள்ளாமல் தாராளமாய்க் கொடுப்பவர் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. கேட்பவரைக் கடவுளே கடிந்துகொள்ளாதபோது, அவர் பெயரால் நாம் கடிந்துகொள்வது எந்த வகையில் முறை? யாக்கோபு கண்டிப்பது இருமனத்தை. அதாவது, கேட்கும்போதே கொடுப்பவரின் நன்மைத்தனத்தை நம்பாதிருப்பதை. கணவர் எப்போது திரும்புவார் எனத் தெரியாமல் நடுங்குகிறவள், அந்த நடுக்கத்தோடேயே கடவுளிடம் வருகிறாள் என்றால், அதுவே நம்பிக்கை.

மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனின் தகப்பன் தன் நம்பிக்கையின்மை நீங்கவும் உதவுமாறு கதறினான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பாமல் மகனைக் குணமாக்கினார். தண்ணீரில் மூழ்கிய சீடர் பேதுருவிடம் ஏன் ஐயம் கொண்டாய் என்று அவர் கேட்டதும் கையை நீட்டிப் பிடித்த பிறகுதான். இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

நம் மாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று, மறைபரப்ப வந்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டு இறந்தார். நம்பிக்கை குறைந்ததால்தான் அவர் உயிர் தப்பவில்லை என்று எவரும் பிரசங்கிப்பதில்லை. மீனவப் பெண்ணுக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்?

இனி அந்த வீடுகளில் விடுதலைக்காகச் செபிக்கும்போது ஞானத்துக்காகவும் செபியுங்கள்: யாரிடம் மனு கொடுப்பது, கடனை எப்படிச் சமாளிப்பது, பிள்ளைகளிடம் எதைச் சொல்வது என்று. கேட்பவருக்குக் கிடைக்கும் என்று யாக்கோபு உறுதி சொல்வது இந்த ஞானத்தைப் பற்றித்தான் என்பதால், இதை ஐயமின்றிக் கேட்கும்படி அவர்களுக்குத் துணிந்து சொல்லலாம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து உங்களோடு செபிக்கும் ஒருவர்