தகப்பனுக்கு மாரடைப்பு என்றால் பிள்ளையின் கொழுப்பையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது, நாற்பது வயதில் மாரடைப்புக்கு ஆளாகிறவர்களைப் பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம் புகை, மன உளைச்சல், கண்ட கண்ட உணவு என்றே காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவர்களில் சிலருக்குக் காரணம் பிறப்பிலேயே இருந்தது என்பதும், அது அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வந்திருக்கக்கூடும் என்பதும் பேசப்படுவதே இல்லை.

எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து கல்லீரல் இழுத்துக்கொள்ள உதவும் மரபணுவில் குறை இருந்தால், பிறந்த நாள் முதலே அந்தக் கொழுப்பு மிகுந்திருக்கும். உலக அளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. இப்பிள்ளைகளின் கழுத்துத் தமனியை ஸ்கேனில் அளந்தால், குறையில்லாத உடன்பிறந்தோரைவிடச் சுவர் தடித்திருப்பது 8 வயதிலேயே தெரிகிறது. வெளியில் ஓர் அறிகுறியும் இராது. ஒல்லியாக, ஓடியாடித் திரியும் பிள்ளையைக் காட்டி, "இவனுக்கா டாக்டர் கொலஸ்ட்ரால்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு.

சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெறும் அபாயமும் இங்கு கூடுதல். அத்தகைய பிள்ளைகளின் முழங்கையிலும் முட்டியிலும் விரலிடுக்குகளிலும் மஞ்சள் நிறத்தில் கொழுப்புத் திட்டுகள் தோன்றும். அவற்றை மரு என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருந்தால், பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும்.

முட்டையையும் எண்ணெயையும் குறைத்தால் போதும் என்ற அறிவுரை இக்குறைக்குப் போதாது, மருந்து வேண்டும். நெதர்லாந்தில் 8 முதல் 18 வயதுக்குள், கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைத் தொடங்கிய, இக்குறையுள்ள பிள்ளைகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2019இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. அவர்களில் 39 வயதுக்குள் இதய, ரத்தக் குழாய் நோய் கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர். அதே குறை கொண்ட, சிறுவயதில் அம்மருந்து கிடைக்காத அவர்களுடைய பெற்றோரில் அந்த வயதுக்குள் நூற்றுக்கு 26 பேர். தமனிச் சுவர் தடிக்கும் வேகமும் குறையில்லாத உடன்பிறந்தோருக்கு நிகராகவே இருந்தது.

ஸ்லோவேனியாவில் 1995 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கெல்லாம் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்கிறார்கள். நம் மக்கள் தொகைக்கு அது உடனே இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இளம் வயதில் மாரடைப்பு கண்டு வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், "பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் எல்டிஎல் பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஏது? குடும்பத்தில் இவ்வாறு நேர்ந்திருக்க, பிள்ளையின் எல்டிஎல் 160 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், மறுமுறை பார்த்து உறுதி செய்து சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கி, அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைநல மருத்துவர்,
தஞ்சாவூர்